சாய்தளம்

பாம்பன் துறைமுகத்தில் இன்று காலை
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
புயலே ஆனாலும்
முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது.

களஞ்சியம் அண்ணன் சொன்னது
போன வாரத்துக்கு முந்திய வெள்ளி இரவு,
கரண்டு போன நேரத்தில்,
வாசலில் நின்றபடியே.
"உன்னைப் போகச் சொல்லலை சந்தியாகு.
மாடிக்கு மாறிக்கோன்னுதான் சொல்றேன்.
வாடகைகூட அதேதான்."

மாடிக்குப் பதினேழு படி.
நான் ஏறி எண்ணியதில்லை.
சிலிண்டர் தூக்குகிற ரபீக்
படிக்கொரு மூச்சு விடுவான்,
கீழிருந்து கேட்டிருக்கிறேன்.

ஒன்பது வருடம் முன்பு
நண்டுக் கம்பெனி வேன்
உச்சிப்புளி தாண்டிக் கவிழ்ந்தது.
பதினோரு பெண்கள், இருபது பெட்டி ஐஸ்.
ஐஸைத்தான் முதலில் எடுத்தார்கள்
என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
பொய்யாகவும் இருக்கலாம்.
நான் அப்போது வானத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

நஷ்டஈட்டில் மிஞ்சியதை
இந்த வாசலில் கொட்டினேன்.
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்.
"தெருவுக்கே போயிருமேக்கா"
என்றான் கொத்தனார் செபமாலை.
போகட்டும்டா, அதுக்குத்தானே.

சிமெண்டுக்கு ரசீது இருக்கிறது,
உப்புக்காற்று தின்னும் கைப்பிடிக்கு
வருடா வருடம் அடித்த பெயின்டுக்கும்.
வாடகைக்கு மட்டும் இல்லை.
"நமக்குள்ள என்ன ரசீது" என்பார்.
மகன் துபாயிலிருந்து வந்து
லாட்ஜ் ரூம் கணக்குப் போட்ட நாளில்
அந்த 'நமக்குள்ள'வை
யார் காலிசெய்தார்களோ.

செவ்வாய்க்கிழமை மோட்டார் ரிப்பேர் என்றார்கள்.
என் குழாய் காற்றாக இருமியது.
மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்
எனக்கு நன்றாகக் கேட்டது.
கால்தானே போனது.

திங்களன்று ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்.
நீங்க வரிசையில நிக்க வேண்டாம்மா என்றார்கள்.
நின்று எத்தனை நாளாயிற்று!
ஒப்பந்தம் இருக்கா என்றார் எழுத்தர்.
இல்லை என்றதும் பேனாவை மூடினார்,
நாற்காலிச் சக்கரத்தைப் பார்த்தார்,
திரும்பத் திறந்தார்.
"வீட்டு விஷயம் இழுக்கும்.
தண்ணியை நிறுத்தக் கூடாது, அது சட்டம்.
முதல்ல அதை எழுதுங்க."
எழுதினேன்.
புதனன்று தண்ணீர் வந்தது,
முதல் குடம் துருநிறத்தில்.

இன்று கூண்டு ஏற்றியதும்
தனுஷ்கோடிச் சாலையை அடைத்துவிட்டார்கள்.
பாலம் பார்க்க வந்தவர்கள்
ரூம் தேடி அலைகிறார்கள்.
ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார் அண்ணன்,
என்னைக் கேட்காமல், என் வாசலுக்கு.
சக்கரம் வைத்த பெட்டிகள்
சாய்தளத்தில் சுகமாக ஏறின.
"படியே இல்ல, எவ்வளவு வசதி!"
என்றது அந்தப் பெண்.
"நாங்கதாம்மா போட்டோம்" என்றார்.

நான் நிலைப்படிக்கு நேராக வந்து
இரண்டு பக்கமும் பிரேக்கை அழுத்தினேன்.

ஒருவரும் பேசவில்லை.
அந்தப் பெண் பிடியை விட்டதும்
பெட்டி தானாகக்
கொஞ்சம் பின்னால் உருண்டது,
தெருப்பக்கம்.

செபமாலை சரியாகத்தான் போட்டிருக்கிறான் சரிவை.