கடைசி வரிசையில் ஆறு குழி

முட்டையை நாயகனாக்கியதில் தத்துவம் ஒன்றும் இல்லை.
வரைய எளிது.
கை இல்லை, கால் இல்லை, உதட்டசைவு இல்லை.
ஆறு நிமிடப் படம், நொடிக்குப் பன்னிரண்டு படமானால்
நாலாயிரத்து முந்நூற்று இருபது.
அர்த்தநாரி கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான்,
பிறகு பயம் தெளிய ஒரு தேங்காய் பன் சொன்னான்.

பரமத்தி ரோட்டு பேக்கரி.
லாரி பாடி கட்டும் பட்டறைகள் அடங்கி
பத்து மணிக்கு மேல்தான் நாமக்கல்லில் யோசிக்க முடியும்.
பகலில் அவன் பிளக்ஸ் கடையில்
மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்குகிறான்.
நான் கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுகிறேன்.
உடைசல் தனி. ஓடு மெலிசு தனி.

பண்ணையிலிருந்து முப்பது குழி அட்டை ஒன்று கொண்டுவந்தேன்.
குழிக்கொரு துண்டுச்சீட்டு, சீட்டுக்கொரு காட்சி.
முதல் வரிசை தொடக்கம்,
நடுவில் மூன்று வரிசை சிக்கல்,
கடைசி ஆறு குழி முடிவு.
"மூணு அங்கமும் இதுக்குள்ள அடங்கிருச்சு பாருங்" என்றான்,
அட்டையைச் செய்தவனே அவன்தான் என்பதுபோல.

"மொத அங்கத்துலயே தெரிஞ்சறணும் கோசலைங்க.
முட்டைக்கு என்ன வேணும்?"

எனக்குத் தெரியும்.
கூண்டின் கம்பித்தரையைச் சரிவாகத்தான் அமைப்பார்கள்.
இட்டதும் முட்டை உருண்டு முன்பக்கம் போய் நிற்கும்.
கோழியின் கண்ணுக்கு எட்டும்,
வயிற்றுக்கு எட்டாது.
'சூடு' என்று எழுதி முதல் குழியில் போட்டேன்.

இரண்டாம் அங்கம் வெசையாகப் போனது.
வேலூர் தாண்டி ஒரு வேகத்தடை,
வேனிலிருந்து துள்ளி இட்டேரிப் புல்லில் விழுகிறது.
கீரி மோந்து பார்க்கிறது, ஓர் ஓணான் விரட்டுகிறது
(ஓணான் வேண்டாமென்று பிறகு அடித்தோம், நூற்றைம்பது படம் மிச்சம்).
ஆட்டுக்குட்டி பக்கத்தில் படுக்கிறது;
அப்பாடா என்னும்போது எழுந்து போகிறது.
பொழுதோடு மழை.

"கடைசியில ஓடு விரியுது, குஞ்சு எட்டிப் பாக்குது" என்றான்.
மஞ்சளைக்கூடத் தேர்ந்து வைத்திருந்தான்.
எலுமிச்சையில்லை, மாம்பழமில்லை, நடுவே ஒன்று.

"லேயர் முட்டைங்க அது. சேவலே பாக்காதது.
நூறு நாள் அடைகாத்தாலும் குஞ்சு வராது."

மேசை துடைக்க வந்த பையன்கூட நின்றுவிட்டான்.
ஊரெல்லாம் முட்டை. ஆனால் அர்த்தநாரி
திருச்செங்கோட்டு நகைக்கடைக்காரர் மகன்.

நாலு நாள் கடைசி வரிசை காலியாகவே கிடந்தது.
ஐந்தாம் நாள் நான் ஒரு சீட்டுப் போட்டேன்:
சத்துணவுக்கூடத்து அக்கா வழியில் எடுத்துப்போகிறாள். அண்டா. கொதிநீர்.
"கொல்றீங்க."
"கேட்டது சூடுதானுங்களே."
பன்னைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவனே எழுதிக்கொண்டு வந்தான், எழுத்து கோணலாக.
மழைநாள். ஒரு பையன் தட்டிலிருந்து முட்டையை எடுத்து
தங்கைக்கென்று டவுசர் பையில் போடுகிறான்.
நனைந்துகொண்டு நடக்கிறான்.
தொடையில் ஓரிடம் மட்டும் குளிரவில்லை.

"இத எப்புடிங்க வரையறது?" என்றேன்.
பதில் சொல்லாமல் பென்சிலால் மழையை இழுத்தான்,
பையனை இழுத்தான், எல்லாம் சாம்பல்.
பை இருந்த இடத்தில்
விரல்நுனியால் அந்த மஞ்சளைத் தொட்டு வைத்தான்.

நாலு குழி நிறைந்தது. இரண்டு காலி.
வீடு சேரும்போது தங்கை தூங்கிவிட்டாளா,
ஓடு யார் உரிப்பது,
ஒன்றும் முடிவாகவில்லை. கடை சாத்தினார்கள்.

அட்டைமேல் இன்னொரு அட்டையைக் கவிழ்த்து
ரப்பர் பேண்டு போட்டு ஸ்கூட்டியில் முன்னால் வைத்தேன்.
உள்ளே இருபத்தெட்டு காகிதத் துண்டு, கீழே போட்டாலும் உடையாது.
ஆனாலும் ரயில்வே கேட்டு வேகத்தடையில்
இரண்டு காலையும் ஊன்றி
மெதுவாக, மிக மெதுவாக இறக்கினேன்.