வாகனக் கணக்கெடுப்பு, மூன்று நாள்

நாளுக்கு ஆயிரத்தைந்நூறு, சாப்பாடு உங்களது,
குடை தரப்படும் என்றார்கள்.
குடை வரவில்லை.

பனிச்சமுறிப்புத் தாம்போதிக்கு இந்தக் கரையில்
பாலை மரத்தடியில் எனக்கொரு பிளாஸ்ரிக் கதிரை.
அந்தக் கரையில் அகிலதாசனுக்கு ஒன்று.
நடுவில் முழங்காலளவு தண்ணீர்,
தண்ணீருக்குக் கீழே எங்கோ றோட்டு.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.
படிவத்தில் பதினொரு கட்டம்.
கார் ஒன்று என்றால் மோட்டார் சைக்கிள் அரை,
பெரிய லொறி இரண்டரை,
கொள்கலன் நாலு.
நடந்து வருகிறவர் பூச்சியம்.
"இங்கே பாலம் தேவையோ எண்டு
இந்தத் தாள்தான் சொல்லும், தங்கச்சி."
ஜீப் கண்ணாடியை அரைவாசி இறக்கிச்
சொல்லிவிட்டுப் போனார் பொறியியலாளர்.
அவர் ஜீப்பைத்தான் முதலில் பதிந்தேன்.

ஆறு நாற்பதுக்குத் தவக்குலசிங்கம் வந்தார்,
சைக்கிளின் இரு பக்கமும் பால் கான்.
தடி விட்டு ஆழம் பார்த்தார்.
தடியைப் பார்த்தார்.
திரும்பினார்.
முப்பத்தொரு கிலோமீற்றர் சுற்றி
ஒட்டுசுட்டானுக்கு நேரத்தோடு போனால் அது பால்.
பிந்தினால், தயிர்கூட இல்லை.

கைநூலைப் புரட்டினேன்:
கோட்டைக் கடப்பவை மட்டும் எண்ணப்படும்.

மத்தியானம் அகிலதாசன் கத்தினான்:
"உனக்கு எத்தினை?"
"பதினேழு!"
"எனக்குப் பதினாறு!"
குறைந்த ஒன்று
நடுத்தண்ணீரில் நின்றிருந்தது.
புகைக்குழாய்க்குள் ஆறு போய்விட,
வேட்டியைத் தூக்கிக் கட்டிய ஒருவர்
இரண்டு கரையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆறுமணிக்குத் தாளை மடித்தோம்.
ஆறரைக்கு
ரிப்பர்கள் வரத் தொடங்கின.

சின்னம்மா வீட்டில் பாயில் கிடந்து எண்ணினேன்.
வெறுமையாய்ப் போகும் சத்தம் வேறு,
மணலோடு வரும் சத்தம் வேறு;
நிறைந்தது வந்தால் கோப்பைகள் நடுங்கும்.
இருபத்து மூன்று.
தாம்போதியை உடைத்தவையும்
உடைந்த தாம்போதிக்கு அஞ்சாதவையும்
அவைதான்.
எந்தக் கட்டத்திலும் இல்லை.

போன வருசம் நேர்முகத் தேர்வுக்குக் கொழும்பு போனேன்.
றோட்டுக்கு மேலே றோட்டு,
அதைத் தாங்கத் தூண், தூண், தூண்.
வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கையில்
ஒரு தூணில் கை வைத்தேன்.
கொங்கிறீற்றில் ஒட்டியிருந்தது ஒரு சின்ன மட்டி ஓடு.
எந்த ஆற்றினதோ.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

மூன்றாம் நாள்
அடிமட்டம் வைத்துப் பன்னிரண்டாவது கட்டம் கீறினேன்.
திரும்பிப் போனவை:
பால், மூன்று நாளும்.
செருப்பைக் கையில் பிடித்து அரை மணி நேரம் நின்ற
கணக்கு ரீச்சர்.
வெட்டுமெசின் ஒன்று, அக்கரையில் விளைந்த
பதினாலு ஏக்கர் பார்த்திருக்க.
தாலிக்கொடி எடுக்கப் போனவர்களின் ஓட்டோ.

பதின்மூன்றாவதும் கீறலாம் என்று நினைத்தேன்.
ரீச்சர் மாற்றம் எடுத்துப் போனபின்
பிள்ளைகளோடு கிளிநொச்சிக்குப் போன ஐந்து குடும்பம்,
அவர்கள் போனதால் நின்ற பஸ்,
பஸ் நின்றதால் பூட்டிய கடை.
தாளில் இடமிருக்கவில்லை.

கந்தோரில் கண்ணாடி போட்ட ஒருவர்
பன்னிரண்டாவது கட்டத்தைப் பென்சிலால் தட்டினார்.
கோபமில்லை அவருக்கு.
"இது கூட்டலுக்குள்ள வராது பிள்ளை.
ஆக்கள் குறைவு, வாகனம் குறைவு.
இவ்வளவு காசைக் கொட்ட அவங்கள் சம்மதியாங்கள்."
சுவரில் நாட்காட்டி:
மாலை வெளிச்சத்தில் எட்டு வழிச் சாலை,
ஒரேயொரு கார்.
கார் ஒன்று.

இரண்டு மாதம் கழித்துக் கொடுப்பனவு வந்தது.
மூன்று நாள், நாலாயிரத்தைந்நூறு.
கீழே இன்னொரு வரி:
வழங்கப்பட்ட குடை திருப்பி ஒப்படைக்கப்படவில்லை,
கழிவு எண்ணூற்றைம்பது.

முத்திரைக்கு மேலே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.
பின்னால் வரிசை நீளம்.
வைத்தேன்.