ஒன்பது டிகிரி

நான்கு நாள் பயிற்சி. கிண்டியில் மூன்றாவது மாடி,
மெட்ரோ போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும்.
பெயர் அட்டையில் எனக்கு 'ஸ்' விட்டுப்போய்
எதர் என்றிருந்தது.
போகட்டும் என்று குத்திக்கொண்டேன்.

பக்கத்தில் தணிகாசலம், திருவல்லிக்கேணி மெஸ்.
பின்வரிசையில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இரண்டு பெண்கள்.
கல்யாண பிரியாணி நிஜாமுதீன் பாய்:
சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த மண்டபத்தில்
இனி அடுப்பேற்ற விடமாட்டார்களாம்.
நான் அம்பத்தூர் எஸ்டேட் கேன்டீன்.
மூன்று ஷிப்ட், ஆயிரத்து இருநூறு தட்டு.

முதல் நாள் கை கழுவினோம்.
களிம்பு தடவி, இருபது நொடி தேய்த்து, துடைத்து,
சுத்தம் என்று உட்கார்ந்த பிறகு
விளக்கை அணைத்து
ஊதா வெளிச்சத்தை நீட்டினார் திரிபுரசுந்தரி மேடம்.
இருட்டில் கைகள் ஜொலித்தன.
என் மோதிரத்தடியில் ஒரு வளையம்.
தணிகாசலத்துக்கு மூக்கு நுனி: மூக்குக்கண்ணாடியை ஏற்றியிருக்கிறார்.
எல்லோரும் சிரித்தோம். பாய் மட்டும்
தாடியைத் தடவப் போன கையைப் பாதியில் நிறுத்தி
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சூடு.
ஐந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் கிடக்கும் சோறு
நமக்காகக் காத்திருப்பதில்லை.
"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்றார் தணிகாசலம்,
அண்டாவின் ஓரத்தில் மட்டும் கம்பியைச் செருகி.
"பதத்துக்குப் போதும் சார். நடுவுல குத்துங்க."
ஓரம் முப்பத்தொன்று.
நடு நாற்பத்தாறு.
ஆறிவிட்டது என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

கடைசி நாள் பரீட்சை, பதினான்காவது கேள்வி:
உங்கள் பணியிடத்தில் நடந்த ஒரு தவறு.
ஐந்து முறை ஏன் என்று கேட்டு
மூல காரணத்தை அடைக.

ஆடி மாதம். தேங்காய் சாதம். இரவு ஷிப்டில் பதினேழு பேர்.
எட்டு பேர் அயனாவரம் இ.எஸ்.ஐ.யில்,
மற்றவர்கள் கழிவறை வரிசையில்.
யாரும் சாகவில்லை என்று எழுதி
அடித்தேன்.

ஏன்? முன்னாள் இரவே வடித்த சாதம் குளிரறையில் குளிரவில்லை.
ஏன்? கதவு ரப்பர் கிழிந்திருந்தது.
ஏன் தெரியவில்லை? பதிவேட்டில் நாலு டிகிரி.
ஏன் நாலு?
தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்து ஐந்து வாரம்.
பேனாவை வைத்தால் என் கைக்கு நாலுதான் வரும்.

விசாரிக்க வந்தவர்களும்
என் நாலைப் பார்த்துத் தலையாட்டிப் போனார்கள்.
தேங்காய்க்காரரை மாற்றினார்கள்.
பதினோரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தவர்.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது
'வரேம்மா' என்று என்னிடமும் சொன்னார்.

ஐந்தாவது ஏன்:
பேட்டரி கேட்டு இரண்டு தடவை எழுதினேன்.
மூன்றாவது தடவை
இங்கே மை நின்றுவிட்டது. மணி அடித்தார்கள்.

பத்துக்கு எட்டு. ஓரத்தில் சிவப்பில்,
'ஐந்தாவது ஏன் முடியவில்லை.'
சான்றிதழிலும் எதர்.
வரிசையில் மறுபடி நின்று, திருத்தித் தரச் சொன்னேன்.
அரைமணி ஆகும் என்றார்கள். இருக்கிறேன் என்றேன்.

அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெரு.
பொத்தான் பேட்டரி, நாற்பது ரூபாய்.
"இதுக்குமா பில்லு?"
இதுக்கும்தான்.

காலை ஐந்தே முக்கால். ரப்பர் புதிது, கதவு இறுக்கம்.
பால், தயிர், அரைத்த மாவு, நேற்றைய கூட்டு.
கம்பி நிதானமாக இறங்கி
ஒன்பதில் நிற்கிறது.
மறுபடி வைக்கிறேன். ஒன்பது.

"பிபேக், எல்லாத்தையும் வெளியே எடு."
"எல்லாமா அக்கா?"
ஒடியாவில் எதையோ முணுமுணுத்துக்கொண்டே
முதல் டிரேயைத் தூக்குகிறான்.

நாலு நாலாக இறங்கி வந்த பத்தியில்
தலை பெருத்து, கால் வளைந்து
அசிங்கமாக நிற்கிறது என் ஒன்பது.
கீழே முழுப்பெயர்.

மெக்கானிக் போனை எடுக்கவில்லை.
இரண்டு தடவை ஆயிற்று.
மறுபடி அடிக்கிறேன்.