இருப்புப் பதிவேடு, பக்கம் 41

பணியிடம் இனி நிரப்பப்படாது என்ற கடிதத்துக்கு மறுநாள்
பொது இயந்திரவியல் அறையின் சாவி
இயற்பியல் எடுக்கும் என்னிடம் வந்தது.
"சும்மா ஒரு கையெழுத்துதான் டீச்சர்."

கடைசல் இயந்திரம் ஒன்று.
வைஸ் பதினான்கு, இரண்டில் திருகு இல்லை.
அரம்: தட்டை, அரைவட்டம், எலிவால்.
எத்தனை முறை எண்ணினாலும் வேறு வேறு கணக்கு.
வெட்டாற்றில் தண்ணீர் வந்துவிட்ட ஆனி மாதம்;
பூட்டிய அறைக்குள் துரு
வாடகை தராமல் குடியிருந்தது.

அடித்தட்டில் ஒரு சாக்கு நிறைய
இரும்புத் துண்டுகள், ஜோடி ஜோடியாகக் கம்பி கட்டி.
ஒன்றில் பள்ளம், ஒன்றில் மேடு.
அராவி அராவி ஒன்றுக்குள் ஒன்றை இறக்க வேண்டும்:
செய்முறைத் தேர்வு, இருபத்தைந்து மதிப்பெண்.
கு. வேம்பையன், 98 என்று குத்தியிருந்த ஜோடியில்
நூலில் தொங்கியது அட்டை, சிவப்பு மையில்:
"வெளிச்சம் தெரிகிறது. 17."

ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
மயிரிழைக்கும் குறைவுதான்,
தெரிந்தது.
என் பிள்ளைகள் வெர்னியர் அளவியைப்
படமாக வரைந்தே முழு மதிப்பெண் வாங்குகிறார்கள்.
ஒரு கோட்டு வெளிச்சத்துக்காக
யாருக்கும் எட்டு மதிப்பெண் குறைத்தவள் இல்லை நான்.

"பயனற்றது" என்று எழுதினேன்.
மேற்படி. மேற்படி. மேற்படி.

நீடாமங்கலம் ஜெகபர் அலி லாரி கொண்டுவந்தார்.
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
கடைசலைத் தூக்க எட்டுப் பேர்;
அது நின்ற இடத்தில் மட்டும் தரை புதுசு.

லாரி இன்னும் கிளம்பவில்லை.
ஸ்மார்ட் போர்டு மாட்ட வந்த கம்பெனிப் பையன்கள் இருவர்
தாங்கியின் ஓட்டையையும் போல்ட்டையும்
மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.
அரை நூல் இடம் போதவில்லை.
சென்னைக்கு போன் போட்டார்கள்.
பிறகு என்னிடம்:
"மேடம், ஸ்கூல்ல அரம் மாதிரி எதாச்சும்?"

புடவையைச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினேன்.
"எடை போட்டாச்சேம்மா" என்ற ஜெகபர் அலி
அவரே குனிந்து சாக்கைக் கிளறி
எலிவாலை எடுத்துக் கொடுத்தார்.

நான்தான் அராவினேன்.
முன்னே தள்ளும்போது வெட்டும், இழுக்கும்போது வெட்டாது
என்பதே பாதி ஓட்டைக்குப் பிறகுதான் புரிந்தது.
பையன்கள் வீடியோ எடுத்தார்கள்.
போல்ட் நுழைந்தது, கொஞ்சம் தாராளமாகவே.
யாரும் சிவப்பு மையில் ஒன்றும் எழுதவில்லை.

போர்டு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது.
நீட் வகுப்பில் அதில் ஓடும் நேர்கோடுகள் எல்லாம்
வெட்டாற்றுப் பக்கம் சரிகின்றன.
அரம் என் கைப்பையில், கணக்கில் இல்லாமல்.
உள்ளங்கைக் கொப்புளம்
அடுத்த திங்கள் வரை இருந்தது.