வாய்மொழித் தேர்வு

கோவையிலிருந்து வந்திருந்த தேர்வாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"கணுக்கால் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள்.
யாருடைய கணுக்கால்?"

நல்ல கேள்வி.
அதற்காகவே ஒரு சம்பா முழுக்க
நாடாவும் கையுமாக வரப்பில் குந்தியிருந்தேன்.
நாற்பத்தொரு பெண்கள்.
சேறு கழுவி, கால் நீட்டி,
"கொலுசா வாங்கித் தரப் போற?" என்று சிரித்து.
எட்டு சென்டிமீட்டர், ஐயா.
அரை கூடும், அரை குறையும்.
பயிரும் அவ்வளவுதான் பொறுத்துக்கொள்கிறது.

அவை சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

மன்னார்குடியில் எங்கள் கல்லூரிக்குப் பின்னால்தான்
பாமணியாறு போகிறது.
அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
நான்கு வருடம் பாசனம் படித்தேன்.
காய்ச்சலும் பாய்ச்சலும் என்று எங்கள் தெருவே சொல்வதை
மூன்று ஆங்கில எழுத்தாகப் பாடத்தில் பார்த்தபோது,
காணாமல்போன எங்கள் ஆடு
வேறு சந்தையில், வேறு சாயப்பொட்டோடு
நின்ற மாதிரி இருந்தது.
பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.
ஐந்து மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆய்வுக்கு வந்தபின்தான் கூப்பிட்டேன்.
நண்டு வளை மேடேறினால் வெள்ளம் வரும் என்பார்கள்.
நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை,
எண்ணினேன்.
பகுதிநேர ஆய்வு; ஏழு ஐப்பசி கிடைத்தது.
ஐந்தில் பலித்தது. இரண்டில் பொய்த்தது.
பொய்த்ததையும் அட்டவணையில் போட்டேன்.
தையல்நாயகி அதைப் பார்த்துவிட்டு,
"அந்த ரெண்டு வருசமும் வளைக்கு மருந்து வச்சானுவ.
செத்த நண்டு எப்புடிடி சொல்லும்?" என்றாள்.

அவளும் நானும் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு.
கணக்கில் அவள்தான் முதல்.
ஒன்பதாம் வகுப்புக்கு அவள் வரவில்லை,
அந்தக் கதை ஆய்வேட்டில் இல்லை.

அடிக்குறிப்பில் பெயர் வேண்டாம்,
"தகவலாளி 17" போதும் என்றது விதி.
நிலம் தந்தவர் மட்டும்
நன்றியுரையில் முழுப் பெயரோடு வரலாமாம்.
தையல்நாயகி, நடவாள், ஐந்தாம் மடை
என்று போட்டேன்.
இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள்.
மூன்றாம் முறை அவர்களுக்கே அலுத்துவிட்டது.

"பொதுமக்களும் கேள்வி கேட்கலாம்" என்று
தலைவர் வழக்கப்படி சொன்னார்.
யாரும் கேட்பதில்லை. வடை ஆறிக்கொண்டிருக்கும்.
கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

"நகம் நனையத் தண்ணி
பதிமூணாம் நாளுன்னு படத்துல காட்டுன.
அது வெத விட்ட மூணாம் நாளுல்ல?
பதிமூணுல பாதம் முங்கணும்.
இல்லாட்டி நாத்து மஞ்சளாப் போயிரும்."

விசிறியின் சத்தம் மட்டும்.
தேர்வாளர் என்னைப் பார்த்தார்.
நான் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன்.
அவள் சொன்னதுதான் சரி.

வருகைப் பதிவேட்டை நீட்டினார் எழுத்தர்.
பெயர் எழுதினாள்; அந்தக் கையெழுத்து
இன்னும் என்னுடையதைவிட அழகு.
பதவி என்ற இடத்தில் ஒரு கோடு.
நிறுவனம் என்ற இடத்தில் பேனா நின்றது.
"எடையூர் வண்டி போயிரும்டி,
ராத்திரி எங்க முறை" என்று
அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"ஒரு திருத்தத்துடன் ஏற்கப்படுகிறது."
கைதட்டினார்கள். மாலை போட்டார்கள்.
அவளுக்கு அன்றைய கூலி போயிற்று;
என் செலவுக் கணக்கில் அதற்கு ஒரு தலைப்பு இல்லை.

இரவு அந்தப் பக்கத்தை எடுத்து
பதின்மூன்றின் முன்னால் நின்ற ஒன்றை அடித்தேன்.
மணி பத்தே கால்.
கைபேசி ஒளிர்ந்தது.
கடைமடையிலிருந்து அவள்:
"தண்ணி வந்துருச்சு முனைவரே.
நகந்தான் நனையுது."