முப்பத்தைந்தில் ஒரு பங்கு

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடியில்
என் பல் லேப்.
பகலெல்லாம் கடைவாய்ப் பற்களுக்கு உறை செய்கிறேன்.
இரவு ஒன்பதுக்கு மேல்
அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி, அதே மெழுகுக் கத்தி.
போன வாரம் வந்த ரஷ்யனுக்கு
துப்பாக்கி முனை வழியிலேயே முறிந்திருந்தது.
பல் கட்டும் கம்பியில் துண்டு நறுக்கி ஒட்டினேன்.
கம்பெனி கொடுத்ததைவிட இது உறுதி.

கையெழுத்து வாங்கும்போது கூரியர் பையன் கேட்பான்,
"பிள்ளைக்கா சார்?"
"ஆமாடே."
பிள்ளை பெங்களூரில் நர்சிங் மூன்றாம் வருஷம்,
இதில் ஒன்றையும் தொட்டதில்லை.
எனக்கு நாற்பத்தெட்டு.

முப்பத்தைந்தில் ஒரு பங்கு, அதுதான் அளவு.
அந்தக் கணக்கில் நான்
என் சுண்டுவிரலைவிடக் குள்ளம்.
மேம்பாலம் மொத்தமும் எங்கள் தெருவுக்குள் அடங்கும்.
வீட்டுக் கடன் மட்டும் எந்த அளவிலும் குறையாது
என்கிறாள் ஐடா.
பெட்டியின் விலையை நான் பாதியாகச் சொல்வது அவளுக்குத் தெரியும்.
தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

பெயிண்ட் புட்டியில் 'தோல் நிறம்' என்று போட்டிருக்கிறான்,
யாருடைய தோல் என்று போடவில்லை.
பர்மா காட்டுக்குப் போன நம்ம பக்கத்துச் சிப்பாய்களுக்கு
என் முழங்கையை விளக்கில் காட்டி
மூன்று பழுப்பும் ஒரு சொட்டு மஞ்சளும் கலந்தேன்.
ஆனிச் சாரலில் காய இரண்டு நாள் எடுத்தது.
இதுவரை என் படைக்கு நேர்ந்த ஒரே சேதம்
பூஞ்சணம்.

டென்னிசன், ஐடாவின் அண்ணன்,
பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம்.
பென்ஷனாகி வந்த மறுமாதம்
பல்செட்டுக்கு நிறம் பார்க்க மாடியேறினார்.
அலமாரியை மூட மறந்திருந்தேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
நிஜத் துப்பாக்கி ஒன்றை நான் தொட்டதே இல்லை.
என்.சி.சி-யில் சேர்ந்ததும் பூரிக்காகத்தான்.
அவர் முழங்கால் நொடிக்க
அலமாரிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.
மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு.
வெளியே ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி பஸ் முக்கி முக்கி ஏறிப் போனது.

"எடே, இருநூறு பேரு இருப்பானுவளா?"
"இருநூத்திப் பன்னிரண்டு."
"இவனுவளுக்கெல்லாம் சோறு யாருடே வைக்கா?"

நானும் தேடினேன்.
சுடுகிறவன், தவழ்கிறவன், வரைபடம் விரித்தவன்,
தூக்குப் படுக்கையில் கிடக்கிறவன், ஒரு நாய்.
அடுப்பு இல்லை. பானை ஒன்றுகூட இல்லை.

"நான் குக்காக்கும்," என்றார்.
"லே-யில பருப்பு வேவதுக்கு ஒரு பகலு போவும்."
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
நிற அட்டையில் எல்லாவற்றிலும் வெள்ளையான பல்லைத் தொட்டுக் காட்டிவிட்டு
இறங்கிப் போனார்.

அன்றிரவு
கையெறி குண்டு வீச ஓங்கி நின்றவன் ஒருவனை எடுத்தேன்.
குண்டை அராவித் தள்ளி
கம்பியில் அகப்பை வளைத்துக் கொடுத்தேன்.
ஓங்கிய கையைச் சுடுதண்ணீரில் காட்டித் தாழ்த்தினேன்.
தொப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டேன்.
பானைக்கு மேசை முழுக்கத் துழாவினேன்.
இழுப்பறையில் கிடந்தது
களியக்காவிளைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டு
வாங்க வராமலே போன
கடைவாய்ப் பல்லின் உலோக உறை.
கவிழ்த்ததும் பானை.
ஒரு சென்டிமீட்டர் அகலம்,
முப்பத்தைந்தால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு முழம்.
அளவு பிசகவில்லை.

எல்லாரும் வெளியே பார்த்துத் துப்பாக்கி நீட்டியிருக்க
அவன் மட்டும் அவர்கள் முதுகைப் பார்த்து நின்றான்.

பல்செட் வாங்க வந்த வெள்ளிக்கிழமை
டென்னிசன் அவனைப் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல்
ரேஷன் பையில் கைவிட்டு
ஒரு நொய்யரிசி எடுத்து
பானைக்குள் போட்டார்.

காலையில் நான் கதவு திறக்கும்போது
இருநூற்றுச் சொச்சம் துப்பாக்கிகளுக்கு நடுவே
எறும்புகள் வந்து
அதைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.
போன் போட்டுச் சொன்னேன்.

புதுப் பல்லுக்குள் வார்த்தை இடற அவர் சொன்னார்:
"கொஞ்சம் கூட்டியே வைக்கணும்டே.
எப்பவும் கணக்குக்கு மேல ஆளு வரும்."