ஒன்று முதல் ஆறு வரை

சென்னையிலிருந்து மூன்று பெட்டிகள் வந்தன.
ஆயுதக் கிடங்கு மேசையில்
துண்டு விரித்து எடுத்து வைத்தேன்:
ஒன்று–நாலு, ஒன்று–ஆறு, ஒன்று–எட்டு.
ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலக்
கறுப்பாய், கனமாய்,
விலை மட்டும் வேறாய்.

“எட்டையே எழுதிப் போடுங்க ஜினிலா,
பெரிய எண்ணு. ஆடிட்டில் கேள்வி வராது”
என்றார் டி.எஸ்.பி.

நம்முடையதோ குட்டைக் குழல்.
ஜீப் கதவில் இடிக்காமல் இறங்கவும்
குளச்சலில் ஒரு படகின் ஐஸ் அறைக்குள்
குனிந்து நுழையவும் சுருக்கிச் செய்தது.
இருநூறு மீட்டர் தாண்டினால் அதன் குண்டு
வடசேரியில் கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி
நடை தளர்ந்துவிடும்.
அதற்கு எதற்கு எட்டு மடங்குக் கண்?

ஆரல்வாய்மொழிக்கு அந்தப்பக்கம் ரேஞ்சு.
கணவாய்க் காற்று மணலை அள்ளிப்
பல்லிடுக்கில் வைக்கிற மாசம்.
படுத்து, எட்டுக்குத் திருப்பினேன்.
அட்டையின் பழைய ஓட்டைகள்
அம்மைத் தழும்பாய்க் கிட்டே வந்தன.
கூடவே வந்தது என் நாடி.
காலையில் குடித்த இரண்டாவது டீ
குறுக்குக்கோட்டில் நடுங்கிற்று.
தலை ஒரு நெல்லளவு விலகினால்
கண்ணாடி முழுக்க இருட்டு.

அதே எட்டை ஒன்றுக்குக் குறைத்தேன்.
அதன் ஒன்று, ஒன்றில்லை:
ஓரத்தில் நின்ற காற்றாலைத் தூண்கள்
வாழைமட்டையாய் வளைந்தன.
நாலின் ஒன்று நேரானது.
ஆனால் நூற்றைம்பதில் நிற்கிறவன்
கையில் இருப்பது கம்பா கத்தியா
நாலுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஆறு.
ஒன்றில் வைத்து, எழுந்து நின்று,
இரண்டு கண்ணையும் திறந்தபடி தூக்கினேன்.
வலதில் சிவப்புப் புள்ளி, அட்டை.
இடதில் மீதியெல்லாம்:
மண்மேடு, உடைமரம், சிவப்புக் கொடி,
கொடியைச் சட்டைசெய்யாத ஒரு வெள்ளாடு,
ஆட்டுக்குப் பின்னால்
சட்டையே போடாத ஒரு பையன்.

“நிறுத்து!” என்று கத்தினேன்.
யாரிடம்?
சுட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.
காற்றில் எனக்கே கேட்கவில்லை.
விரலுக்குக் கேட்டது.

பெனடிக்ட் ஏட்டு ஓடிப்போய்
அவனை வைததை இங்கே எழுத முடியாது.
பையன் அழுதான், பிறகு
தோட்டா ஒன்று தருவீர்களா என்று கேட்டான்.
ஆடு நிதானமாக
முள்ளைத் தின்று முடித்தது.

அறிக்கை:
ஒன்று–ஆறு பரிந்துரைக்கப்படுகிறது.
எடை ஐந்நூற்றுச் சொச்சம் கிராம்.
பேட்டரி நாகர்கோவில் கடைகளில் கிடைக்கும்.
ஒன்றில் விளிம்பு வளையவில்லை.
பார்வைப் பரப்பு அகலம்.

“எவ்வளவு அகலம்?” டி.எஸ்.பி. கேட்டார்.
“நூறு மீட்டரில் முப்பத்தாறு, சார்.”
சரியான அளவுதான், புத்தகத்திலேயே இருக்கிறது.

இடது கண்ணுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்
‘ஆடு’ என்று எழுதினேன்.
அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன்.